எழுத்தும் இடைவெளியும்

நூல் ஒன்றைக் கையில் எடுப்பார் அதனை ஆக்கியோனை நினைப்பர். உரை கண்டோனை நினைப்பர். பதிப்பித்தோனையும் ஒருகால் நினைப்பர். எழுத்துகளை இவ்வளவினவாக அமைத்து, இத்துணை இடம் விட்டு, இந்நீளத்தில் வரியை முறித்து நம் கண்முன் நிறுத்தினோனை நினைப்பார் மிக அரியர். அவன் பணி செவ்வனே நிகழ்ந்தவழி அது தோன்றாது மறைந்து நிற்றலே அதற்குக் காரணமாம். நீர் தெளிந்திருப்பின் அடியிற் கிடக்கும் கூழாங்கற்களைக் காண்கின்றோம், நீரைக் காண்கின்றிலோம். அது கலங்கிய பொழுதே நீர் ஒன்று இடையில் உண்டென்னும் எண்ணம் நமக்கு எழுகின்றது. எழுத்தமைப்பும் அத்தகையதே.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் இக்கல்லூரிக்கு வந்த நாள் முதலாகப் பாடங்களிற் பெரும்பகுதியைத் தாளிற் படித்திலேம்; கைப்பேசித் திரையிலும் கணினித் திரையிலுமே படித்து வருகின்றோம். திரையிற் படித்தல் சிலர்க்கு எளிதாகவும், சிலர்க்கு இயலாததாகவும் இருத்தலை ஒரே வகுப்பில் இருந்து கண்டோம். அதன்பயனாக எம்முள் எழுந்த ஒரு சிறு முயற்சியைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். எனினும், இடைவெளி என்பது நேற்றுத் தோன்றிய ஆராய்ச்சியன்று. நம் மொழி பல நூற்றாண்டுகளாக அதனோடு போராடி வந்துள்ளது. ஆதலின் அவ்வரலாற்றை முதற்கண் சிறிது நோக்குவோம்.

பனையோலைச் சுவடியைக் கண்டோர் அதன்கண் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியின்மையை அறிவர். ஓலையின் ஒரு முனையில் தொடங்கிய எழுத்து மறுமுனை வரையில் ஒரே தொடராகச் செல்லும். பத்தி இல்லை; காற்புள்ளி இல்லை; கேள்விக்குறி இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும், எகர ஒகரங்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்திருப்பவும், ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் இட்டிலர். எழுத்தாணியால் அழுத்திக் குத்தின் ஓலை துளைபடும் என்று அஞ்சினர் என்பர். புள்ளி ஒழிந்தமையால் எகரமும் ஏகாரமும் ஒன்றாயின. ஒகரமும் ஓகாரமும் ஒன்றாயின. காலும் ரகரமும் வடிவில் வேறுபாடின்றி நின்றன.

இதனால் விளைந்த இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும். 'எரி' என்பது நெருப்பு. 'ஏரி' என்பது நீர்நிலை. ஒன்று சுடுவது, மற்றொன்று குளிர்விப்பது. இவ்விரண்டும் ஓலையில் ஒரே வடிவின. 'தரம்', 'தாம்' என்னும் சொற்களும் அத்தகையனவே. படிப்பவன் பொருளை முன்னரே உணர்ந்தாலன்றி எழுத்தை உணரவியலாது. எழுத்தை உணர்ந்தாலன்றிப் பொருளை உணரவியலாது. இவ்விரண்டு முடிச்சுகளையும் ஒருங்கே அவிழ்க்க வேண்டியிருந்தமையாலேயே சுவடி படித்தல் என்பது தனியே பயிலத்தக்க ஒரு கலையாக இருந்தது. 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும், 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் போன்றார்க்கு மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று பிரித்துக் காண்டலே பெரும் பணியாயிற்று. இன்று அச்சு நூலில் ஒரு வெற்றுவரி செய்துவிடும் வேலையை அவர்கள் பல நாள் உழைப்பாற் செய்தனர்.

எகர ஏகார, ஒகர ஓகாரங்களை வடிவால் வேறுபடுத்தி இன்று நாம் எழுதும் முறையை அமைத்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். பிறநாட்டினின்றும் வந்து தமிழை முயன்று கற்ற ஒருவரே இவ்விடரை உணர்ந்து நீக்கினார் என்பது எண்ணத்தக்கது. மொழியிற் பிறந்து வளர்ந்தவர் இடத்தை நோக்கிப் பொருளை ஊகித்துக்கொள்வர். புதிதாகக் கற்பவனுக்கோ எழுத்து ஒன்றே துணை. எழுத்தைத் தெளிவாக்குவோர் பெரும்பாலும் எழுத்தால் இடர்ப்பட்டோராகவே இருத்தலை மேலும் காண்போம்.

மேலைநாட்டாரும் இதனிற் சிறந்தாரல்லர். பழைய இலத்தீன் ஏடுகளிலும் சொற்கள் இடைவெளியின்றியே எழுதப்பட்டன. ஏழாம் நூற்றாண்டளவில் அயர்லாந்து நாட்டுத் துறவியரே சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதும் வழக்கத்தைப் பரப்பினர். அவர்க்கு இலத்தீன் தாய்மொழியன்று. ஏட்டின் வாயிலாகக் கற்ற மொழி. ஆதலின் அவர்க்கு இடைவெளி வேண்டியதாயிற்று. அவர்க்கும் முன்னரே, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமு என்பார், தீர்க்கதரிசிகளின் நூல்களைப் பொருள் முடியுமிடந்தோறும் வரியை முறித்து எழுதுவித்தார். உரத்துப் படிப்போர் எங்கே மூச்சை நிறுத்துவது என்று தடுமாறாதிருத்தற்பொருட்டு அவர் அவ்வாறு செய்தனர்.

அச்சு வந்த பின்னர்ச் சிக்கல் வேறுருக் கொண்டது. தமிழெழுத்தில் அச்சிடப்பட்டுக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையதாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே உடையது. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்கு 1713-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹாலே நகரினின்றும் தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியன. படித்தற்கு நல்லனவேயெனினும் தாள் அக்காலத்தில் அரும்பொருள். பெரிய எழுத்து தாளை விழுங்கிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கு வேண்டிய ஈயத்துக்கு, இங்கிலாந்தினின்றும் வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளையும் உருக்கினர் என்று அச்சு வரலாறு கூறுகின்றது. புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. எழுத்தின் அளவு என்பது கண்ணின் தேவைக்கும் தாளின் விலைக்கும் இடையே நிகழும் வழக்கு. முந்நூறாண்டுகளாக அவ்வழக்கில் தாளே பெரும்பாலும் வென்று வந்தது. சிறிய எழுத்தும் நெருங்கிய வரியும் குறுகிய ஓரமும் மலிவுப் பதிப்புகளின் இலக்கணமாயின. அங்ஙனமாயினும், சிறிய எழுத்தையும் தெளிவுற வார்த்தல் கூடும் என்று காட்டியோரும் உளர். சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் பி. ஆர். ஹண்ட் என்பார் அமைத்த அச்செழுத்துகளால் 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியை நூல்நிலையத்தில் காண்போர் இதனை உணர்வர்.

எழுத்தின் வடிவு செம்மையுற்ற பின், வரியினுள்ளே சொற்களை நிறுத்தும் முறையும் செம்மையுறத் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) தம் உரைநடை நூல்களில் நிறுத்தக் குறிகளை ஒழுங்குற ஆண்டு, சந்திகளைப் பிரித்து, கற்போர்க்கு எளிதாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார்கள். தொடர்ந்து கிடந்த சொற்கள் தனித்தனி நிற்கவே, பயிலாதாரும் பாட்டின் வாயிலை அணுகலாயினர்.

இனித் திரைக்கு வருவோம். 1991-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அமைத்த வலையில் முதற்பக்கங்கள் வெளிப்பட்ட காலத்தில், எழுத்தின் வடிவையும் வெளியையும் வரையறுக்கும் வழி பக்கத்தை எழுதுவோனிடம் இல்லை. 1994-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹோகோன் வியும் லீ என்பார் அதற்கென ஒரு முறையை முன்மொழிந்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அது நெறியாக வெளியிடப்பட்டது. சி.எஸ்.எஸ். என வழங்கும் அந்நெறியால், எழுத்தின் அளவு, வரிக்கும் வரிக்கும் உள்ள வெளி, சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள வெளி, ஓரத்தின் அகலம், நிறம் ஆகிய யாவும் பொருளினின்றும் பிரித்துத் தனியே குறிக்கப்படுகின்றன. எழுதுவோன் தன் விருப்பத்தைக் கூறலாம். படிப்போனும் தன் தேவையைக் கூறலாம். இரண்டும் கலந்து பக்கம் அமையும் என்பதே அம்முறையின் முதற்கருத்து. தாள் இட்ட விலங்கு இங்கே இல்லை. திரையில் வெற்றிடத்துக்கு விலை கிடையாது.

தமிழுக்கு இந்நன்மை உடனே வாய்த்திலது. 1990-களில் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியீட்டையும் கொண்டிருந்தது. அவ்வெழுத்துருவைத் தம் கணினியிற் பதியாதார்க்குத் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோம எழுத்து நிரையே தோன்றிற்று. 1999-ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு குறியீடுகளையும் விசைப்பலகையையும் ஒருமைப்படுத்த முயன்றது. பின்னர் ஒருங்குறி என்னும் பொது முறை எங்கும் பரவவே, எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தோன்றும் நிலை வந்தது. எழுத்து தோன்றுதல் ஒன்று. படிக்கத்தக்கதாய்த் தோன்றுதல் மற்றொன்று. முன்னதனை நம் முன்னோர் முடித்துத் தந்தனர். பின்னது நம் கடன்.

இனி எம் வகுப்பின் செய்தி. எம்முள் ஒருவர் பிறவியிலேயே பார்வை மங்கப் பெற்றவர். முற்றும் காணாதவரல்லர், எழுத்தை மிகப் பெரிதாக்கி, திரையை முகத்துக்கு அண்மையிற் பிடித்துப் படிப்பவர். செவிப்புலன் மிக்கவர், ஒருமுறை கேட்ட வெண்பாவை மறுமுறை தவறாது ஒப்பிப்பவர். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அவர், "ஆனர்ஸ் படிப்பை விட்டுவிட எண்ணுகின்றேன், ஆங்கில நூல்களை வைத்துப் படிக்கும் பாடம் ஏதேனும் ஒன்றுக்கு மாறிக்கொள்வேன்," என்றார். யாம் திகைத்து, "தமிழில் வெறுப்பு வந்ததோ?" என்று வினவினோம். "தமிழில் வெறுப்பு இல்லை, தமிழ்ப் பக்கங்களில் வழி இல்லை. ஆங்கிலப் பக்கத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக் கொள்கின்றது. நம் பாடக்குறிப்பைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகின்றது. அதனைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் சென்று, மீண்டு வந்து அடுத்த வரியைத் தேடுவதற்குள் முன்வரி மறந்துபோகின்றது. பாதிப் பொழுது படிக்கின்றேன், பாதிப் பொழுது தேடுகின்றேன்," என்று அவர் விடை கூறினார்.

அவர் கூறிய பாடக்குறிப்புப் பக்கத்தை யாம் எல்லாம் ஒருங்கிருந்து திறந்து பார்த்தோம். எழுத்து சிறிது, நிறம் வெளிர்சாம்பல், பின்னிலம் வெண்மை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மேல்வரியின் உகரச் சுழிகளும் கீழ்வரியின் புள்ளிகளும் முட்டிக் கொண்டன. பக்கத்தின் அகலம் ஒரே அளவில் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கண் நல்லார்க்கு அது சலிப்பைத் தந்தது. அவர்க்கோ கதவையே அடைத்தது. அன்று மாலையே எம் வகுப்பிற்கு வேண்டிய குறிப்புகளை யாமே எழுதி, யாமே ஒரு பக்கமாக அமைப்பது என்று துணிந்தோம். அமைப்பது யாம், தீர்ப்புக் கூறுவது அந்நண்பர் என்பது உடன்படிக்கை.

முதலில் எழுத்துருவை ஆராய்ந்தோம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், மீரா இனிமை என விலையின்றிக் கிடைப்பன பல உள. ஒவ்வொன்றிலும் ஒரே சொல்லிணைகளை அமைத்து நண்பர்க்குக் காட்டினோம்: எரி, ஏரி, கொடு, கோடு, மனம், மணம், வன்மை, வண்மை, கல, கல். அழகைப் பற்றி அவரை வினவினோம் அல்லேம். வேற்றுமை தெரிகின்றதா என்று மட்டுமே வினவினோம். தமிழில் ஏகாரத்தை எகரத்தினின்றும் பிரிப்பது ஒரு சிறு கீற்று. ஓகாரத்தை ஒகரத்தினின்றும் பிரிப்பது ஒரு சிறு சுழி. மெய்யை உயிர்மெய்யினின்றும் பிரிப்பது ஒரு புள்ளி. கோடு மெலிந்த எழுத்துருவில் கீற்று கரைந்தது. கோடு தடித்த எழுத்துருவில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரத்தோடு மயங்கின. இடைத்தரமான கோடும், விரிந்த சுழியும், தெளிந்த புள்ளியும் உடையதே அவர் தேர்ந்தது. ஓலையில் நேர்ந்த எரிக்கும் ஏரிக்குமான மயக்கம் இன்றும் திரையில் ஒளிந்து நிற்பதை அன்று கண்டோம்.

அடுத்து அளவும் வெளியும். உலாவிகள் இயல்பாகக் கொள்ளும் எழுத்தளவு 16 புள்ளிகள். யாம் இருபதாகக் கொண்டோம். உரோம எழுத்துக்குப் பொருந்தும் வரிவெளி தமிழுக்குப் போதாது. தமிழ் மேலே இகர ஈகார வளைவுகளையும் புள்ளியையும், கீழே உகர ஊகாரங்களையும் தாங்குவது. ஆகவே வரிவெளியை எழுத்தளவின் ஒன்றே முக்கால் மடங்காக்கினோம். பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒரு முழு வரி விட்டோம். வரியின் நீளத்தை ஏழெட்டுச் சொற்களுக்கு மேற்போகாதபடி நிறுத்தினோம். நெடிய வரியின் முடிவிற்சென்ற கண் அடுத்த வரியின் தலையைக் காணாது வழிதவறும். பக்கத்தின் அகலத்தைக் கட்டாது விட்டமையால், எழுத்தை எத்துணைப் பெரிதாக்கினும் வரி தானே மடங்கித் திரைக்குள் அடங்கிற்று.

எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே வெளியைப் பெருக்குதல் ஆங்கிலப் பக்கங்களில் வழங்கும் ஓர் உபாயம். தமிழில் அது விழிப்புடன் கையாளத்தக்கது. 'கொ' என்பது நம் மனத்துக்கு ஓர் எழுத்து. கண்ணுக்கு மூன்று உருவம். சில மென்பொருள்கள் அவ்வுருவங்களுக்கு இடையேயும் வெளியைப் புகுத்திக் கொம்பை ஒருபுறமும் காலை மறுபுறமும் தள்ளிவிடுகின்றன. உடலினின்றும் பிரிந்த உறுப்புப்போல அவை தனித்து நிற்கும். ஆதலின் எழுத்திடை வெளியை இயல்பாகவே விட்டு, சொல்லிடை வெளியை மட்டும் சிறிது மிகுத்தோம்.

வரியின் வலப்பக்கத்தைச் சமமாக நறுக்குதல் வேண்டுமா என்பதில் எம்முள் வேறுபாடு எழுந்தது. அச்சு நூல்போல் இரு பக்கமும் ஒழுங்குற நிற்றலே அழகு என்றனர் சிலர். தமிழ்ச் சொற்கள் நெடியன; விகுதியும் உருபும் சாரியையும் சேர்ந்து ஒரு சொல்லே அரைவரியைக் கொள்வதுண்டு. சமமாக நறுக்கப் புகின், இரண்டு மூன்று சொற்களே உடைய வரியில் பெரும் பள்ளங்கள் விழும். நண்பர் வேறொரு காரணம் கூறினார்: "சமமாக நறுக்கிய வரிகளெல்லாம் எனக்கு ஒரே முகம் உடையன. எந்த வரியை விட்டு வந்தேன் என்பது தெரிவதில்லை. ஏறியும் இறங்கியும் முடியும் வரிகளுக்குத் தனித்தனி முகம் உண்டு. நெடிய வரிக்கு அடுத்த குறுகிய வரி என்று அடையாளம் வைத்துக்கொள்வேன்." அதன்பின் அவ்வாதம் எழவில்லை.

நிறத்தில் வெளிர்சாம்பலை நீக்கி ஆழ்ந்த கருமையைக் கொண்டோம். சாய்ந்த எழுத்தை அறவே விலக்கினோம். அது தமிழுக்கு இயல்பன்று. கருவி வலிந்து சாய்க்குங்கால் சுழிகள் நசுங்குகின்றன. தடித்த எழுத்தைத் தலைப்புக்கு மட்டுமே வைத்தோம். எம் அமைப்பைப் பின்னர்ப் பொது நெறியோடும் ஒப்பிட்டோம். டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகுதன்மை நெறிகள், படிப்போன் ஒருவன் வரிவெளியை எழுத்தளவின் 1.5 மடங்காகவும், பத்திவெளியை 2 மடங்காகவும், எழுத்திடைவெளியை 0.12 மடங்காகவும், சொல்லிடைவெளியை 0.16 மடங்காகவும் மாற்றிக்கொண்டாலும் பக்கத்தின் பொருளோ பயனோ கெடலாகாது என்கின்றன. பெரிதாக்கிய பக்கத்தை ஒரு திசையில் நகர்த்தியே படித்தல் கூடவேண்டும் என்றும், எழுத்துக்கும் பின்னிலத்துக்கும் ஒளி வேற்றுமை குறைந்தது 4.5-க்கு 1 இருத்தல் வேண்டும் என்றும் வகுக்கின்றன. எம் நண்பர் ஒரு மாலையிற் கூறிய குறைகளே அங்கே நெறிகளாக நிற்றலைக் கண்டு வியந்தோம்.

இவையெல்லாம் உரைநடைக்கு. செய்யுளை அமைக்கப் புகுந்தபோதே உண்மையான வழக்குப் பிறந்தது. ஓரிடத்து வெளி இல்லையாயின் அல்லது மிகுமாயின் பொருள் எங்ஙனம் மாறும் என்பதைப் பொதுமொழி இலக்கணத்தில் யாவரும் பயின்றுள்ளோம். 'தாமரை' ஒருங்கு நிற்பின் மலர். 'தா மரை' எனப் பிரியின் தாவும் மான். 'பலகை' மரம், 'பல கை' கைகள் பல. ஆதலின் செய்யுளைச் சொற்பிரித்தே இடுதல் வேண்டும் என்பது எம்மிற் பலர் கருத்து. எம் பேராசிரியர் ஒருவர் அதனை உடன்பட்டாரல்லர். "செய்யுளின் வெளி சொல்லுக்கு உரியதன்று, சீருக்கு உரியது. சீரைக் குலைத்துச் சொல்லைப் பிரித்தால் ஓசை சிதையும். ஓசை சிதைந்த பாட்டு உரைநடையாகிவிடும்," என்றார்.

இதற்கு நண்பர் எத்தீர்ப்புக் கூறுவார் என்று காத்திருந்தோம். கண்ணுக்கு எளிதாகிய சொற்பிரிப்பையே அவர் விரும்புவார் என்பது எம்முள் பலர் எண்ணம். அவரோ சீர்ப்பிரிப்பையே வேண்டினார். "யான் பாட்டைக் கண்ணாற் படிப்பவன் அல்லேன், செவியாற் படிப்பவன். முதற் சீரின் வடிவு கண்ணிற் பட்டால் அடுத்த சீரின் ஓசை தானே வந்து நிற்கும். அவ்வோசை விழும் இடத்தில் வெளி இருந்தால் போதும்; மீதியைச் செவி பார்த்துக்கொள்ளும்," என்றார். ஆயின் புதிதாகப் பயிலும் முதலாண்டு மாணவர்க்குச் சொற்பிரிப்பின்றி இயலாது. தாளாயின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடவேண்டும். திரை அங்ஙனம் கட்டாயப்படுத்துவதன்று. ஒவ்வொரு செய்யுளையும் முதற்கண் சீர்பிரித்து நிறுத்தி, அதனடியில் சொற்பிரித்த வடிவை வைத்தோம். வேண்டாதார் அதனை மறைத்துக்கொள்ளலாம். பேராசிரியர் பார்த்துவிட்டு, "இரண்டு வழக்காளரும் வென்றனர், இஃது அரிது," என்று நகைத்தார்.

இவ்வேற்பாட்டில் யாம் கற்றது ஒன்றுண்டு. படித்தற்கு எளிமை என்பது எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. ஒருவர்க்குப் பெரிய எழுத்து. ஒருவர்க்கு விரிந்த வரி. ஒருவர்க்கு ஓசை வழிப்பட்ட வெளி. இவையெல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பக்கத்தை எவராலும் அமைக்கவியலாது. படிப்போன் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கூடியதாய், மாற்றிய பின்னும் சிதையாததாய் அமைத்தல் இயலும். இறுகக் கட்டாது நெகிழ விடுதலே அமைப்போனது முதற்கடமை.

அப்பக்கம் இன்று ஐந்து தாள்களின் பாடங்களைத் தாங்கி நிற்கின்றது. அந்நண்பர் வேறு பாடத்துக்கு மாறவில்லை. எம்முடனேயே மூன்றாம் ஆண்டில் இருக்கின்றார். யாப்பிலக்கணத்தில் ஐயம் எழின் யாம் முதலில் அவரையே வினவுகின்றோம். எனினும் இடர் முற்றும் தீர்ந்ததென்று கூறோம். யாம் அமைத்தது ஒரு பக்கம்; அவர் படிக்க வேண்டுவன நூற்றுக்கணக்கானவை. உருவப்படமாக எடுத்து ஏற்றிய பழைய நூல்களைப் பெரிதாக்கினால் வரி மடங்குவதில்லை; எழுத்துருவை மாற்றவும் வழியில்லை. வினாத்தாள் இன்னும் சிறிய எழுத்தில் நெருங்கியே அச்சாகி வருகின்றது. மூன்று மணி நேரத் தேர்வில் வினாவைப் படித்தற்கே அவர் செலவிடும் பொழுதைப் பிறர் விடையெழுதச் செலவிடுகின்றனர்.

ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் அனைவர்க்கும் எம் விண்ணப்பங்கள் சில. ஆசிரியப் பெருமக்களே, நுங்கள் வகுப்புக் குறிப்புகளை உருவப்படமாக அனுப்பாது எழுத்தாகவே அனுப்புங்கள். வினாத்தாளின் எழுத்தைச் சிறிது பெரிதாக்கி, வினாவுக்கும் வினாவுக்கும் ஒரு வரி விடுங்கள். அதனால் மிகுவது ஒரு தாளே. பழைய மாணவர்களுள் கணினித் துறையிலும் அச்சுத் துறையிலும் பதிப்புத் துறையிலும் விளங்குவோரே, தமிழ்ப் பக்கம் ஒன்றை வெளியிடுமுன் அதனை நான்கு மடங்கு பெரிதாக்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். உடன்பயிலும் நண்பர்களே, நும் வகுப்பிலும் ஒருவர் திரையை முகத்தருகே பிடித்துப் படிக்கின்றாரா என்று நோக்குங்கள். அவர் தாமே வந்து சொல்லும் வரையிற் காத்திராதீர்கள். முதலாண்டு மாணவர்க்கு வேண்டிய குறிப்புகளை இவ்வாண்டு அமைக்கத் தொடங்கியுள்ளோம். வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு நூல்நிலையத்தின் கீழ்த்தளத்தில் அப்பணி நடைபெறுகின்றது. எழுத்துப்பிழை பார்க்கவும், செய்யுளைச் சீர்பிரிக்கவும் கைகள் பல வேண்டும். வருவார் வருக.